அவசரப்பட்டுக் கூட்டிய வீடு

போத்தனூரில் தனியாக இருக்கிறேன். லீவுக்கு வந்த மகன் சார்ஜாவுக்குத் திரும்பினான். டிக்கெட்டில் கோவை காலை நாலரை, சார்ஜா ஏழு என்றிருந்தது. ஊருக்குக் கிளம்பியவர் போய்ச் சேரும்வரை எங்கள் பக்கம் வீடு கூட்ட மாட்டோம். ஏழரைக்கு, சேர்ந்திருப்பான் என்று கூட்டிவிட்டேன். போன் வரவில்லை. நான் கூப்பிட்டாலும் போகவில்லை. என் கையாலேயே கெடுத்துவிட்டேனோ என்று விளக்குமாறும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன்.

எட்டேமுக்காலுக்கு அவனே கூப்பிட்டான். "அழுகாதீங்கம்மா. டிக்கெட்டுல ஏழுன்னு போட்டிருக்கறது இந்த ஊரு மணிங்க. இங்க இப்பத்தான் ஏழேகால். மொத்தம் நாலு மணி நேரமாகுமுங்க."

இப்போதெல்லாம் எத்தனை மணி நேரப் பயணம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். சேர்ந்துவிட்டேன் என்று அவன் சொன்ன பிறகும் அன்று கூட்டுவதில்லை. அவன் செருப்பு மண் ஒரு நாளாவது வீட்டில் கிடக்கட்டும்.