கண்ணோரக் கரி

மூக்கில் ஏறிய கரியைச் சிந்திவிடலாம். நகக்கண்ணில் புகுந்ததை ஈர்க்குச்சியால் சுரண்டி எடுக்கலாம். தலைக்குச் சீயக்காய் இருக்கிறது, உடம்புக்குப் பீர்க்க நார் இருக்கிறது. கண்ணைச் சுற்றி ஒட்டும் கரிக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. இமை மயிர் முளைக்கிற அந்த ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டால் அது லேசில் எழுந்திருக்காது. தேய்த்தால் தோல்தான் போகும், கரி போகாது. ராயபுரத்தில் குடியிருந்து, துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் நிலக்கரியைக் கூடையில் சுமந்த காலத்தில் நான் கற்றுக்கொண்ட பாடம் இது. வேறு எதையும் கற்றுக்கொள்ளும் தெம்பு அப்போது எனக்கு இல்லை.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரரும் போய்விட்டார், காய்ச்சலில். பத்தாம் நாள் காரியத்தில் என்னை நடுவில் உட்கார வைத்து, கடைசித் தடவையாகப் பூ வைத்து, பொட்டு வைத்து, மை தீட்டி, பிறகு எல்லாவற்றையும் எடுத்தார்கள். மையைத் துடைத்தது என் மாமியார். ஈர முந்தானையால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். கண்ணோரம் நாலைந்து நாள் எரிந்தது. அவளும் அழுதுகொண்டேதான் துடைத்தாள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவளின் கை மெதுவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை.

வீட்டில் மிஞ்சியது நான், மாமியார், என் மகள். மாமியாருக்கு ஒரு கண்ணில் புரை. இரண்டிலும் எப்போதும் நீர் வடிந்துகொண்டிருக்கும். மகளுக்கு அப்போதுதான் பால் பல் விழ ஆரம்பித்திருந்தது. சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த இடத்து மேஸ்திரி இரக்கப்பட்டு என்னைக் கரியில் சேர்த்துக்கொண்டார். இரக்கம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஒரு நாள் கூடை தூக்கிப் பார்த்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

சாயங்காலம் தெருக்குழாயில் முகம் கழுவுவேன். துணி சோப்பு போட்டுக் கழுவினால் கன்னம் வெளுக்கும், நெற்றி வெளுக்கும், கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்புக் கோடு அப்படியே நிற்கும். சுற்றுப்புறம் வெளுத்த பிறகு அது இன்னும் எடுப்பாகத் தெரியும். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு திருத்தமாக மை தீட்ட முடியாது. வேலை முடிந்து, கழுத்து ஒடிந்து, நிற்கக்கூட முடியாமல் வந்து நிற்கிற ஒருத்திக்கு ஆண்டவன் கொடுத்த அலங்காரம் இது. என்ன சொல்லி யாரிடம் சண்டை போடுவது?

குழாயடியில் ஒருத்தி என்னைப் பார்த்து, கண்ணு நல்லாத்தான் கீது, என்றாள். இன்னொருத்தி சிரித்தாள். அவ்வளவுதான். அது தெருமுனை தாண்டி, தண்டவாளம் தாண்டி, பெரம்பூரில் ரயில் பட்டறையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரரின் அண்ணன் காதுக்குப் போய்விட்டது. சனிக்கிழமை சாயங்காலம் வந்தார். நான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, குழாயடியில் முகம் கழுவி, தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தேன். என் முகத்தை ஒரு முறை பார்த்தார். தன் அம்மாவிடம், எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

"பாப்பாவ நான் இட்டுகினு போறேம்மா. தாலி அறுத்த பின்னால மை எழுதிகினு வேலைக்குப் போறவ கையில அது வளர வேணாம். அடுத்த சனிக்கிழமை வர்றேன், துணிமணி எடுத்து வெச்சுடு."

கரி என்று சொன்னேன். அந்த ஒரு சொல்தான் வந்தது. எல்லாப் பொம்பளையும் கரி சுமக்கிறாள், எல்லாரும் இப்படியா இருக்கிறார்கள் என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். எல்லாரும் இப்படித்தான் இருந்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் புருஷன் உள்ளவர்கள், அவர்கள் கண்ணை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. அவருக்குக் குழந்தை கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். என் மகள் தலையைத் தடவிவிட்டுத்தான் போனார். அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயமே வந்தது. கோபத்தில் சொன்னவர் மறந்துவிடுவார். ஆசையில் சொன்னவர் மறக்க மாட்டார்.

மாமியார் எனக்காகப் பேசவில்லை. அவளும் நம்பினாள்.

அந்த வாரம் கண்ணோரத்தை நான் படுத்திய பாடு கொஞ்சமில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். கண்ணுக்குள் போய்ப் பார்வை மங்கியது. கடலை மாவு போட்டேன். தோல் வறண்டு, சிரித்தால் வெடிக்கும் போலாயிற்று. நல்லவேளை, சிரிக்க ஒன்றும் இல்லை. கடைசியில் விளக்கெண்ணெய். விளக்கு வைத்த பிறகு மூலையில் உட்கார்ந்து, மோதிர விரலால் இமையிலும் கண்ணுக்குக் கீழேயும் தடவி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தேன். கொஞ்சம் போயிற்று. மனசு குளிர்ந்து, மிச்சமும் ஊறட்டும் என்று கெட்டியாகத் தடவிக்கொண்டு படுத்தேன்.

அங்கேதான் கெட்டது. இமை மயிரில் நின்ற எண்ணெய்ப் பிசுக்கோடு மறுநாள் வேலைக்குப் போனேன். பறந்த கரியெல்லாம் அதில்தான் வந்து அப்பியது. சாயங்காலம் பார்த்தால் முந்தின நாளைவிட இரண்டு மடங்கு கறுப்பு. அதைப் போக்க மறுபடி விளக்கெண்ணெய், மறுநாள் அதைவிடக் கறுப்பு. ஒட்டவைக்கும் பசையை நானே தடவிக்கொண்டு போகிறேன் என்று உறைக்க எனக்கு அத்தனை நாளாயிற்று. தூக்கமில்லாத தலையில் எதுதான் சீக்கிரம் ஏறும். போதாததற்கு, நான் மூலையில் உட்கார்ந்து விரலைக் கண்ணுக்குக் கொண்டுபோவதை மாமியார் அரைப் பார்வையில் பார்த்திருக்கிறாள். மையேதான் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. என் தட்டில் சோறு வைப்பதை நிறுத்தவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வேலை விட்டதும் வண்ணாரப்பேட்டைக்கு நடந்தேன். அங்கே ஒரு பாய், அத்தர், கண்ணுக்கு இடும் சுர்மா, சீப்பு, ரிப்பன் எல்லாம் விற்கிற கடை வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் நான் மை டப்பா வாங்கிய கடை. என் வெறும் நெற்றியையும் கறுத்த கண்ணையும் பார்த்து அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பெரிசாக இருந்தது. நானே சொன்னேன், கரி, போகமாட்டேன் என்கிறது.

முகத்துக்குப் பூசுகிற ஸ்நோ இருக்கிறதா என்று கேட்டேன். அது தோலை இழுக்கும், கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதே என்றார். கோல்டு கிரீமைத் திறந்து காட்டினார். ரோஜா மணம் குப்பென்று வந்தது. வேண்டாம் என்று தள்ளினேன். மையோடு வாசனையும் சேர்ந்தால் என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு வேறு சாட்சியே தேவையில்லை. பாய் யோசித்து, ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்து வைத்தார். வாசலின். நிறம் இல்லை, மணம் இல்லை. ஆனால் இதுவும் பிசுக்குத்தானே, விளக்கெண்ணெயில் பட்டது போதாதா என்று அவரிடமே எரிந்து விழுந்தேன்.

"எண்ணெய் வழிஞ்சு தோல்ல எறங்கிடும் தங்கச்சி, கரியையும் இட்டுகினு எறங்கும். இது எறங்காது, மேலயே நிக்கும். காலையில போட்டுகினு போ. கரி இது மேல குந்தும். சாயங்காலம் துணியால ஒத்தி எடுத்தா ரெண்டும் சேந்து வந்துடும். தேய்க்காத. அந்த எடத்துத் தோல் வெங்காயச் சருகு மாதிரி."

காலையில் போட்டுக்கொண்டு போ என்றார். சொல்வது அவருக்குச் சுலபம். தாலி அறுத்தவள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது டப்பாவைத் திறந்து கண்ணில் எதையோ தடவிக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? சாயங்காலம் சுத்தமாக வர வேண்டுமானால் காலையில் சிங்காரிக்கிற மாதிரி நிற்க வேண்டும். என்ன தலையெழுத்து இது என்று வழியெல்லாம் நொந்துகொண்டே வந்தேன். கால் இரண்டும் யாருடையதோ போல் நடந்தன.

சனிக்கிழமை காலை கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று தடவினேன். மேல் இமை முடிந்து கீழ் இமைக்கு வந்தபோது கதவு நகர்ந்தது. மாமியார் நின்றாள். என் விரல் கண்ணோரத்தில் இருந்தது, டப்பா கையில் இருந்தது. சொன்னாலும் நம்பப்போவதில்லை என்கிற சலிப்பில் மிச்ச இமையையும் தடவி முடித்தேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு மூலையில் மடித்து வைத்திருந்த என் மகளின் பாவாடை சட்டையைப் பார்த்தாள்.

"நானும் வர்றேன். யாருக்குக் காட்ட இதுன்னு நானே பாக்குறேன்."

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நிஜமாகவே என் பின்னாலேயே வந்தாள். கரி குவிக்கும் இடத்துக்கு வெளியே, வேலி ஓரமாக ஒரு கல்லில் குந்தினாள். நான் உள்ளே போனேன். அன்று கடற்காற்று பேய்க்காற்றாக அடித்தது. கூடையைக் கவிழ்க்கும்போதெல்லாம் கரி புகையாக எழுந்து வேலியைத் தாண்டிப் போயிற்று. தலையில் சுமையோடு போகும்போதும் வரும்போதும் அவளைப் பார்த்தேன். முதலில் என்னையும், என்னோடு பேசுகிற ஆண்களையும் கவனித்துக்கொண்டிருந்தாள். யாரும் என்னோடு பேசவில்லை. அங்கே பேச யாருக்கு மூச்சு மிச்சம்? உச்சி வெயிலில் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. ஒரு தடவை நான் குவியல்மேல் ஏறப் போட்டிருந்த பலகையில் கால் தடுக்கிக் கூடையோடு முட்டி போட்டு விழுந்தேன். அவள் கல்லைவிட்டு எழுந்து நின்றது தெரிந்தது. நான் எழுந்து மறுபடி கூடையை ஏற்றிக்கொண்ட பிறகும் அவள் உட்காரவில்லை.

வேலை விட்டதும் பாய் சொன்னபடி வேட்டித் துணியால் கண்ணை ஒற்றி எடுத்தேன். கறுப்பு களிம்போடு சேர்ந்து மொத்தமாகத் துணிக்கு வந்துவிட்டது. பக்கத்திலிருந்த பெண்ணிடம் காட்டிக் கேட்டேன், ஒன்னுமில்ல, சுத்தமா கீது என்றாள். வெளியே வந்து மாமியாரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். நீர் வடிகிற கண் அவளுக்கு. நாள் முழுக்கப் பறந்த கரி அந்த ஈரத்தில் ஒட்டி, முந்தானையால் அவள் துடைக்கத் துடைக்க ஓரத்தில் படிந்து, இரண்டு கண்ணையும் சுற்றிக் கோடு போட்டிருந்தது. வெள்ளைத் தலையும் வெறும் நெற்றியும் மை தீட்டிய கண்ணுமாக நின்றாள்.

துணியை எடுத்துக்கொண்டு கிட்டே போனேன். கையைத் தட்டிவிட்டாள். இருக்கட்டும் என்றாள். எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தாள். குழாயடியில் நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். இந்தத் தடவை ஒருத்தியும் சிரிக்கவில்லை.

என் வீட்டுக்காரரின் அண்ணன் எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு காகிதப் பொட்டலம். என் மகள் அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு, விழுந்த பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, கண்ணுல?"

"மை," என்றாள் மாமியார். அவருக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்திக் காட்டினாள். "உன் தம்பி பொண்டாட்டி எழுதிக்கிற அதே மை. நான் சும்மா குந்திகினுதான் இருந்தேன், எனக்கே இவ்ளோ. அவ சொமந்துகினு இருந்தா. பாப்பாவ இட்டுகினு போறதுன்னா என்னையும் இட்டுகினு போ. நானும் மை போட்டவதான்."

அவர் தன் முட்டியைப் பிடித்திருந்த பிள்ளையின் கையை மெதுவாக எடுத்துவிட்டார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்தார். பொட்டலத்தைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். பிரித்துப் பார்த்தால் உள்ளே கவுன், கழுத்தில் ரிப்பன் வைத்தது. அவர் வீட்டுக்காரி தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். அவர்கள் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் இருந்தது. அந்தக் கவுனைப் பார்த்ததும் அதுவும் ஓய்ந்துபோயிற்று.

அவர் போன பிறகு மாமியாரின் கண்ணைத் துடைத்தேன். முதலில் வாசலின் பூசி, கொஞ்சம் விட்டு, துணியால் ஒற்றினேன். வயசான இமை. அழுத்தினால் விரலோடு வந்துவிடும் போலிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டே, நான் அன்னிக்கு உன் கண்ணை ரொம்ப அழுத்திட்டேன் இல்ல, என்றாள். ஆமாம் அத்தே என்றேன். பொய் சொல்லத் தெம்பில்லை.

திங்கட்கிழமை காலை டப்பாவைத் தேடினேன், வைத்த இடத்தில் இல்லை. அது அவள் கையில் இருந்தது. வாசற்படியில், தெரு பார்க்க, உட்காரு என்றாள். உட்கார்ந்தேன். கண்ணை மூடு என்றாள். மூடினேன். அன்று துடைத்த அந்த விரல் என் இமைமேல் மெதுவாக, ரொம்ப மெதுவாகப் போயிற்று. யாராவது என்னைத் தொட்டு எத்தனை காலமாகியிருந்தது. அவள் இன்னொரு கண்ணுக்கு வருவதற்குள் நான் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். வேலைக்குக் கூப்பிடும் துறைமுகத்துச் சங்கு ஊதியது எங்கேயோ கேட்டது. அவள் என்னை எழுப்பவில்லை.