கூறைச் சேலையின் மறுமுனை

காலையில் ஒரு ரவிக்கைக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தபோது வெண்ணந்தூரிலிருந்து அண்ணி கூப்பிட்டார். "அம்முணி, உங்கண்ணன் போயிட்டாங்க" என்றார். கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். பிறகு, "நீ வந்தாத்தான் எடுப்போம். பதறாம வா" என்றார். கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். அழுகை பாதி வழி தாண்டித்தான் வந்தது.

குழந்தைவேல் அண்ணனை உங்களில் பலருக்கு லாரிக்காரராகத் தெரியும். நாமக்கல் ரோட்டில் அவரோடு டீ குடிக்காத டிரைவர் குறைவு. எனக்கு அவர் கூடப்பிறந்தவர். அவருக்குத் தம்பி என்று சொல்லிப் பெற்றார்கள்; நான் தங்கையாக வளர்ந்தேன். வீட்டில் எனக்கு வைத்த பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அண்ணனே மறந்துவிட்ட பெயர், உங்களுக்கு எதற்கு?

எழுபதுகளின் நடுவில் அப்பா என்னை வீட்டைவிட்டுப் போகச் சொன்னார். அம்மா அதற்கு முன்பே இறந்திருந்தார். திருநங்கை என்ற சொல் அப்போது கிடையாது. இருந்த சொற்களை எழுதினால் தாளுக்குத்தான் கேவலம். அம்மாபேட்டையில், தறிச்சத்தம் ஓயாத ஒரு சந்தில், என்னைப் போன்ற இருவரோடு தங்கித் தையல் பழகிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சந்து முனையில் லாரி வந்து நின்றது. அண்ணன் இறங்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். சேலை கட்டியிருந்தேன். என்ன கேட்கப் போகிறாரோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"உன்ற பேரு இப்ப என்ன?" என்றார்.

"மரகதம்."

எதிர்ப்பக்க டீக்கடைக்குப் போய், சந்தே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "மரகதம், இங்க வா! மாஸ்டர், என்ற தங்கச்சிக்கு நல்லா ஒரு டீ போடுங்க" என்றார். மாஸ்டர் போட்டார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் எனக்குத் தனிக் கிளாஸ் எடுத்து வைத்ததில்லை.

இத்தனையும் எழுதுவதால் அவரைத் தெய்வமாக்கிவிடாதீர்கள். பயந்த சுபாவம் அவருக்கு. கல்யாணம் நிச்சயமானதும் என்னிடம் வந்தார். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளையோடு அவருடைய சகோதரி நிற்பாள். மணப்பெண் கட்டப்போகும் கூறைச் சேலையின் ஒரு முனை அவரிடமும் மறுமுனை அவளிடமும் இருக்கும். எங்கள் பேச்சில் 'பொறந்தவ' எனப்படும் கூடப்பிறந்தவள் இல்லாவிட்டால் பெரியப்பா, சித்தப்பா மகள் யாராவது நிற்பாள். கல்யாணம் முடிந்து தனக்கென்று ஒருத்தி வந்தாலும் பிறந்தவளை விட மாட்டேன் என்று அண்ணன் ஊர் முன்னால் காட்டுவதுதான் அதன் பொருள் என்பார்கள்.

"இணைச்சீருக்கு நீதான்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்து, "சனம் வரதுக்கு முன்னாடி ஊட்டுக்குள்ளயே முடிச்சுக்கலாம். பந்தல்ல பெரியப்பா மக பாப்பாத்தி நிக்கட்டும்" என்றார்.

"ஊட்டுக்குள்ள தங்கச்சி, பந்தல்ல யாரோவாங்ண்ணா? அப்படியொரு சீரு எனக்கு வேண்டாம். பாப்பாத்தியே நிக்கட்டும்" என்றேன்.

பாதி டீயோடு எழுந்து போய்விட்டார். அடுத்த நடை வந்தபோது லாரியை விட்டு இறங்குவதற்கு முன்பே சொன்னார்: "நான் சொன்னது தப்பு அம்முணி. பயந்தது நானு, ஒளியச் சொன்னது உன்னைய." வீட்டுப் பெண்பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் அம்முணி என்று என்னை அவர் கூப்பிட்டது அன்றுதான் முதல்முறை. எத்தனையோ பேர் எனக்காகப் பரிதாபப்பட்டிருக்கிறார்கள். தன் பயத்தைத் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

கல்யாணத்தன்று பாப்பாத்தி பட்டு உடுத்தித் தயாராக நின்றாள். அவள் இடத்தில் நான் நிற்கப்போகிறேன் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சீர் நடத்தும் பெரியவரான அருமைக்காரர் கூறைச் சேலையை எடுத்ததும் அண்ணன், "என்ற தங்கச்சி மரகதம் வரட்டுங்க" என்றார். அப்பா எழுந்தார். "அது வந்தா நான் இங்க இருக்க மாட்டேன்."

அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "காடு தோட்டமெல்லாம் எனக்குன்னீங்க, லாரி எனக்குன்னீங்க, பேரும் எனக்கே. ஆம்பளையாப் பொறந்ததுக்கு என்னைய யாரும் ஒரு கேள்வி கேட்டதில்ல. இன்னிக்கு நான் மாப்பிள்ளைங்க. என்ற பேச்சை இந்தப் பந்தல்ல ஒருத்தரும் தட்ட முடியாது. நாளைக்கு இந்தப் பவுசு இருக்காது. அதான் இன்னிக்கே கேக்கறேன்."

சொல்லிவிட்டு மணையில் அப்படியே நின்றார். அருமைக்காரர் வெயிலைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "மாப்பிள்ளை யாரைத் தங்கச்சின்னு காட்டறாரோ அவதான் தங்கச்சி. நேரமாகுது, வா சாமி" என்று என்னை அழைத்தார். சேலையின் மறுமுனை என் கைக்கு வந்தது. அப்பா சொன்னபடி பந்தலில் இருக்கவில்லை. வெளியே தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் வீட்டை விட்டுப் போகவில்லை. என் கை பட்ட சேலையைக் கட்டலாமா என்று சில பெண்கள் முணுமுணுத்தார்கள். அண்ணி அதைக் கட்டிக்கொண்டுதான் தாலிக்குக் கழுத்தை நீட்டினார்.

எண்பதுகளில் நான் சொந்தமாகக் கடை வைக்க இடம் தேடியபோது அண்ணன் கூடவே வந்தார். நான் வாயைத் திறக்குமுன் எனக்குப் பதில் அவரே பேசிவிடுவார். மூன்றாவது இடத்துக்காரரிடம் போகுமுன், "நான் பேசிக்கறேங்ண்ணா. நீங்க பக்கத்துல நின்னாப் போதும்" என்றேன். கையைக் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். இடம் கிடைத்தது. வெளியே வந்ததும், "பத்து டன் லோடு ஏத்திரலாம் போல, சும்மா நிக்கறதுதான் முடியல" என்றார். ஆனால் பழகிக்கொண்டார். அதன்பின் எங்கே போனாலும் முதலில் என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையசைத்தால் மட்டுமே பேசுவார்.

அண்ணன் போன செய்தி கேட்டு ஊருக்குள் நான் இறங்கியபோது வாசலில் கூட்டம். சொந்தத்தில் புதிதாகப் பெண் எடுத்த ஒரு பையன் வழிமறித்து, "நீங்க அவருக்கு என்ன வேணுங்க?" என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். நான் வாயெடுக்கும் முன் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தலை முழுக்க நரைத்த பாப்பாத்தி. கல்யாணத்தன்று பட்டு உடுத்தி வந்து, இணைச்சீருக்கு நிற்காமல் திரும்பியவள்.

"வழி உடு சாமி. அவருக்குப் பொறந்தவ. இணைச்சீர் செஞ்சவ" என்றாள்.

அண்ணனின் காடு, லாரி எதிலும் எனக்குப் பங்கு இல்லை, நான் கேட்டதும் இல்லை. பொறந்தவ என்ற பெயரை அவர் எனக்கு வாங்கித் தந்தார். அவர் போன பிறகும் ஊர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.