மிட்வைஃப் அம்மாவின் ஸ்போர்ட்ஸ் கார்

போன வாரம் பலாங்கொடையில் ஒரு சேர்விஸ் நிலையத்தில் என் வேனைத் தூக்கி நிறுத்தி, பின்பக்கத்து அடைப்பைக் கழற்றினார்கள். பழைய கியர் ஒயில் தட்டில் ஒழுகியது. அந்த வாசனை உங்களுக்குத் தெரியுமா? அவித்த முட்டையையும் கருகின ரப்பரையும் சேர்த்துப் பிசைந்த மாதிரி இருக்கும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் நின்றேன். கண்ணை மூடினால் ஓப்பநாயக்கப் பக்கத்து மலையில் மழை பெய்துகொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் தேயிலைத் தோட்டத்து கராஜில் மெக்கானிக். அப்படி நான்தான் சொல்லிக்கொண்டேன். மற்றவர்களுக்கு நான் டிராக்டரை ஸ்டார்ட் பண்ணித் தருகிறவன். டிராக்டர், தேயிலை லொரி, தோட்டத்தை நடத்துகிற துரையின் ஜீப், இவற்றோடு மேரியம்மாவின் கார்.

மேரியம்மா தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிறவர். கல்யாணம் கட்டாதவர். அவருடைய கார், நம்புங்கள், ஒரு பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். கூரை கான்வஸ் துணி. ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனது, கைமாறிக் கைமாறி அவரிடம் வந்திருந்தது. வெள்ளை உடுப்போடு அவர் ஓட்ட, பக்கத்து இருக்கையில் பிரசவப் பெட்டி சேலைத் துண்டால் கட்டப்பட்டு மரியாதையாக உட்கார்ந்திருக்கும். பனிமூட்டத்துக்குள் அந்தக் கார் போகும்போது சக்கரம் தெரியாது. மேகத்தில் ஒரு தோணி மிதக்கிற மாதிரி இருக்கும்.

ஆனால் மழை வந்தால் மேல் டிவிஷனுக்கு, தோட்டத்தின் மலையுச்சிப் பகுதிக்கு, ஏறாது. பலாமரத்து முடக்கில், பாதை வளைகிற இடத்தில், சேறு. ஒரு பின்சக்கரம் சும்மா சுற்றும், மற்றது அசையாமல் நிற்கும். ஜீப் துரைக்கு, லொரி தேயிலைக்கு. பிரசவத்துக்கு இந்தக் கார் மட்டும்தான். அந்த வருட மழையில், மேல் டிவிஷனில் கொழுந்து பறிக்கிற லெட்சுமிக்குத் தலைப்பிரசவம். கார் முடக்கில் நின்றுவிட்டது. மேரியம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே மேலே போய்ச் சேர்ந்தபோது குழந்தை போய்விட்டிருந்தது.

மறுநாள் காலையில் கராஜுக்கு வந்தார். உடுப்பில் சேறு அப்படியே காய்ந்திருந்தது.

"இந்தக் காரு அந்த முடக்குல ஏறணும் தம்பி. ஏறாதுன்னா இப்பவே சொல்லிடு. வித்துட்டு நடந்தே போறேன்."

"ஏறும்மா" என்றேன். எப்படி என்று சத்தியமாகத் தெரியாது.

பின்சக்கரங்கள் இரண்டுக்கும் சுழற்சியைப் பங்கிடுகிற பற்சக்கரத் தொகுதிதான் டிஃபரென்ஷல். சாதாரண டிஃபரென்ஷலுக்கு ஒரு கெட்ட குணம். எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ, இன்ஜின் சுழற்சியை அதற்கே தூக்கிக் கொடுத்துவிடும். இதை விளக்கியபோது மேரியம்மா சொன்னார்: "வேலை செய்யாதவனுக்கே சோத்தப் போடுற வீடு மாதிரி." புதிய ஜப்பான் வண்டிகளில் அப்படி விடாத ஒரு சாதி டிஃபரென்ஷல் இருக்கிறது, ஒன்று வழுக்கினாலும் மற்றதுக்கும் பங்கு போகும். பலாங்கொடையில் லேத்துப் பட்டறை வைத்திருந்த நவாஸ் நானாவைக் கேட்டேன். "கொழும்புல பழைய சாமான் கடையில கிடைக்கும். எக்சலோட கொண்டாங்க, மத்தத நான் பாக்குறன்" என்றார்.

மேரியம்மாவும் நானும் கொழும்புக்குப் போய்த் தேடிப் பிடித்தோம். அதை மூடுகிற பெரிய இரும்புக் கூட்டைத் தேயிலை லொரியில் ஏற்றிவிட்டு, டிஃபரென்ஷலைச் சாக்கில் கட்டி, சக்கரத் தண்டுகளான இரண்டு எக்சலையும் பாயில் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். யுத்த காலத்தில் தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையோடு, சாக்கில் உருண்டையான இரும்பும் பாயில் நீளமான இரண்டு இரும்பும்! எங்கள் புத்தியை என்னவென்று சொல்வது?

செக் பாயிண்டில் இறக்கினார்கள். பஸ்ஸே எங்களை விட்டு விலகி நின்றது. சாக்கைப் பார்த்து ஒரு ஆமிக்காரர், "மே மொகத?" என்றார். இது என்ன என்கிறார். அவ்வளவு சிங்களம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. இருந்தும் நான் மேரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். மேரியம்மாதான் பேசினார். தான் பிரசவம் பார்க்கிறவர் என்றும், இது காருக்கு என்றும், கார் ஏறாததால் ஒரு குழந்தை செத்தது என்றும், குரல் உயர்த்தாமல், சிங்களத்தில்.

ஆமிக்காரர் குனிந்து சாக்கை அவிழ்த்தார். ஒரு பக்கத்தில் விரலை விட்டுச் சுற்றினார். மறுபக்கமும் அதே திசையில் சேர்ந்து சுற்றியது. சாதாரணமானதில் எதிர்த் திசையில் சுற்றும். அவர் முகம் மாறியது. ஊரில் தானும் லொரி ஓட்டினவராம். இன்னொரு தரம் சுற்றிப் பார்த்து, "ஹொந்தாய்" என்றார், நல்லாயிருக்கு என்று. அவரே சாக்கைக் கட்டி பஸ்ஸில் ஏற்றினார்.

நவாஸ் நானா ஜப்பான் கூட்டை இரு பக்கமும் வெட்டிக் குறுக்கி ஒட்டினார். எக்சல்களையும் குறுக்கிப் புதிதாகப் பல் வெட்டினார். நான் கழற்றி, பொருத்தி, அளவு பிழைத்து, மறுபடி கழற்றி... மேரியம்மா ஒவ்வொரு பின்னேரமும் பால் போடாத பிளேன்டீயோடு வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போவார். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

அடுத்த வருட மழையில் ஒரு பகல், மேல் டிவிஷனிலிருந்து ஆள் ஓடி வந்தது. மறுபடியும் லெட்சுமிக்கு வலி.

"நீயும் ஏறு. நின்னுச்சின்னா நீதான் தள்ளணும்" என்றார் மேரியம்மா. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் பனி. தேயிலைச் செடிகள் வந்து வந்து கரைந்தன. பலாமரம் வெள்ளையிலிருந்து மெல்ல வெளியே வந்தது. இடது சக்கரம் வழுக்கியது. கார் ஒரு மூச்சு நேரம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு வலது சக்கரம் மண்ணைக் கடித்தது. பின்பக்கம் ஒரு தரம் ஆடிக்கொடுத்து, கார் ஏறியது. மேரியம்மா அழுதுகொண்டே ஓட்டினார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வாசலில் குடையோடு நின்றேன். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது. மேரியம்மா எட்டிப் பார்த்தார்.

"பொம்பளப் புள்ள!"

"காரு நல்லா ஏறுச்சுல்லம்மா?" என்றேன், மடையன்.

"காரு கிடக்கட்டும். போய் சுடுதண்ணி கொண்டா!"

மேரியம்மா ஓய்வு பெற்று, தங்கச்சி வீட்டுக்குப் போய், அங்கேயே காலமானார். காரைப் பழைய கார் சேர்க்கிற ஒருவர் வாங்கினார். "ஒரிஜினல் இல்லை" என்று நாங்கள் போட்டதைக் கழற்றிவிட்டு, இங்கிலாந்திலிருந்து பழையது வரவழைத்துப் பூட்டினாராம். அவர் சொன்னதும் நியாயம்தான். மலைப் பாதைக்கு இப்போது கொங்கிரீட் போட்டாயிற்று. முச்சக்கர வண்டிகூட ஏறுகிறது. தோட்டத்து ஆஸ்பத்திரியின் பிரசவ அறையில் உர மூட்டைகள். வலி எடுத்தால் நேரே பலாங்கொடை ஆஸ்பத்திரிதான், அது நல்லதுதான். லெட்சுமியின் மகளுக்குக்கூடப் பிள்ளை பிறந்தது அங்கேதான். பிறந்த இடம் மேல் டிவிஷன் என்று சொல்லிக்கொள்கிற குழந்தை அந்த லயங்களில் இப்போது ஒன்றுகூட இல்லை.