கோப்பிக் கடையில் பாட்டு விற்ற இருளாயி அத்தை

என் தாய்மாமன் ஐயாவுக்கு மூன்று கோப்பிக் கடைகள் இருந்தன. சுங்காயில் ஒன்று, பீடோரில் ஒன்று, ஈப்போவில் ஒன்று. மூன்றிலும் ஒரே பச்சைப் பலகை, ஒரே மாதிரி வட்ட மேசைகள், ஒரே கோப்பி. அந்தக் கோப்பியை வறுத்தவர் மாமாவின் மனைவி இருளாயி அத்தை. பீடோர் கடையின் பின்கட்டில், கொட்டையோடு சீனியும் மார்ஜரினும் போட்டு, கண் எரிய எரிய வறுத்து, அரைத்து, பிஸ்கட் தகரங்களில் அடைத்து பஸ் ஏற்றி மற்ற இரண்டு கடைகளுக்கும் அனுப்புவார். ஆனால் அந்த மேசைகள் எதிலும் உட்கார்ந்து அவர் ஒரு கிளாஸ் கோப்பி குடித்ததில்லை. அதை யாரும் ஒரு குறையாக நினைக்கவுமில்லை.

அத்தை சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பால் வெட்டியவர். மாமா அப்போது அதே தோட்டத்தில், விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும் இடத்தருகே, வாளியில் கோப்பி கொண்டுவந்து விற்றுக்கொண்டிருந்தார். "கோப்பி தண்ணியா இருக்குன்னு நான்தான் மொத மொத மூஞ்சிக்கு நேரா சொன்னவ" என்று அத்தை சொல்வதுண்டு. "அப்ப நீயே போட்டுக் குடுன்னாரு. அன்னைக்கு ஆரம்பிச்சது."

கல்யாணத்துக்குப் பிறகு சுங்காய்க் கடை வந்தது, பிறகு பீடோர், கடைசியாக ஈப்போ. ஈப்போக் கடையைப் பார்த்துக்கொண்டவர் சூசைநாதன். ஞாயிறு காலையில் தேவாலயத்தில் பாடுவார், மற்ற நேரமெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து பாடுவார். எழுபதுகளின் பின்பாதியில் அவர்தான் கடைக்கு ஒரு கேசட் பெட்டி வாங்கி வைத்தார். அதுவரை ரேடியோ எதைப் பாடுகிறதோ அதுதான் பாட்டு. இனி கேட்ட பாட்டு கிடைக்கும் என்றதும் கூட்டம் சேர்ந்துவிட்டது. மாமா உடனே பீடோருக்கும் சுங்காய்க்கும் ஒவ்வொரு பெட்டி வாங்கினார்.

"மொதலாளி, ஒரு கோப்பிய வச்சுக்கிட்டு ஒம்பது பாட்டு கேக்கறானுங்க" என்று சூசைநாதன் குறைப்பட்டபோது மாமாவுக்குக் கோபம் வரவில்லை.

"கேக்கட்டும்லா. கோப்பியப் பையில கட்டிப் பொங்குஸ் பண்ணிக் குடுக்கறோம்ல, வீட்டுக்கு? அதே மாதிரி பாட்டையும் பொங்குஸ் பண்ணிக் குடுத்துட்டாப் போச்சு."

அப்படித்தான் மூன்று கடைகளிலும் கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி வந்தது. சினிமாப் பாட்டு, சாமிப் பாட்டு, நாதஸ்வரம் என்று ஒலிநாடாக்களை அடுக்கினார்கள். ஈப்போவில் பிய்த்துக்கொண்டு போயிற்று. பீடோரில் தூசிதான் படிந்தது.

பீடோர்க் கடைக்கு வருகிறவர்கள் தோட்டத்து ஆட்கள். சம்பளம் போட்டதற்குப் பின்வரும் ஞாயிற்றுக்கிழமை ஆணும் பெண்ணும் பஸ் பிடித்து டவுனுக்கு வருவார்கள். சாமான் வாங்கியானதும் ஆண்கள் கோப்பிக் கடைக்குள் போய் உட்காருவார்கள். பெண்கள் பையும் பிள்ளையுமாக வெளியே அஞ்சடியில், கடைவாசலை ஒட்டிய நடைபாதையில், பஸ் வரும்வரை நிற்பார்கள். யாரும் எழுதி ஒட்டிய சட்டம் அல்ல. ஒரு பெண் உள்ளே வந்து உட்கார்ந்தால் பஸ் தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும், அவ்வளவுதான். என் அம்மாவும் அப்படி நின்றிருக்கிறார், தன் சொந்த அண்ணன் கடைவாசலில்.

உள்ளே பாட்டுக்கு மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பவர்களில் முதல் ஆள் மாயாண்டி. மாமா ஒருநாள் அவரிடம் ஒரு ஒலிநாடாவை நீட்டினார்.

"ரொம்ப ரசிக்கிறியே, எடுத்துக்கிட்டுப் போ மாயாண்டி."

"எதுக்குண்ணே? இங்கதான் சும்மாவே பாடுதே!" என்றார் மாயாண்டி. "வீட்டுல போட்டா யாரு கூடச் சேந்து கைதட்டறது? எங்க வீட்டு முத்தம்மா கூடயா?"

கடையே சிரித்தது. மாயாண்டியின் மனைவி முத்தம்மா வெளியே தூணோரம் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் அது கேட்டிருக்கும்.

இரண்டு வருடம் இப்படியே போயிற்று. சுங்காய் அலமாரியை முதலிலேயே ஈப்போவுக்கு ஏற்றிவிட்டார்கள். பீடோரைச் சுற்றிய தோட்டங்களிலும் ரப்பரை வெட்டிவிட்டு, அதிக ஆள் வேண்டாத செம்பனையை வைத்துக்கொண்டிருந்த காலம். ஆட்கள் குறைந்தார்கள், கோப்பியும் குறைந்தது. மாமா ஒரு மத்தியானம் பின்கட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னார்.

"தீவாளி வரைக்கும் பாக்கறேன் புள்ள. இந்த அலமாரி ஓடலைன்னா பீடோர்க் கடைய விட்டுருவோம். ஈப்போவுக்கே போயிரலாம்."

"அங்க எனக்கு என்னங்க வேல?"

"என்னா வேல? தூள ஃபேக்டரில வாங்கிக்கலாம். நீ சும்மா இரு. எத்தன காலத்துக்குத்தான் பொகையில நிப்ப?"

இதை என்னிடம் சொல்லும்போது அத்தை, "அவரு நல்ல மனசோடதான் சொன்னாரு. எனக்குத்தான் ஒத்துக்க முடியல. சும்மா இருன்னா எப்பிடி இருக்கறது? எனக்குத் தெரியாதே" என்றார்.

ஆளைப் பிடித்துப் பாட்டு விற்கும் வித்தை அத்தைக்குத் தெரியாது. ஆனால் பின்கதவு ஒன்று அவர் வசம் இருந்தது. அஞ்சடியில் நிற்கும் பெண்கள் தாகம் என்றால் சந்து வழியாக அங்கே வருவார்கள். அத்தை தண்ணீர் கொடுப்பார், கோப்பித்தூள் நிறுத்துக் கொடுப்பார். அந்த மாதச் சம்பள ஞாயிறன்று முத்தம்மா வந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்:

"ஏங்கக்கா, அந்தப் புல்லாங்கொழல்ல ஆரம்பிக்குமே ஒரு பாட்டு, அது எப்பிடித்தான் முடியுது?"

"ஏன், நீ கேட்டதில்ல?"

"எங்க கேக்க விடறாங்க! பாதி கேக்கறப்ப லோரி போவும். மீதி கேக்கறப்ப பஸ்ஸு வந்துரும்."

முத்தம்மாவின் மகன் ஈப்போத் தொழிற்சாலையில் வேலை பார்த்த சம்பளத்தில், பேட்டரியில் ஓடும் ஒரு கேசட் பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தான். அதில் போட வீட்டில் ஒரு நாடாகூட இல்லை. வாங்குவது மாயாண்டியின் வேலை, மாயாண்டிக்குத்தான் கடையிலேயே பாட்டு இருக்கிறதே.

பாட்டை வேண்டுகிறவர்கள் உள்ளே இல்லை, வாசலில் நிற்கிறார்கள் என்பது அத்தைக்கு அப்போதுதான் உறைத்தது. அலமாரியிலிருந்து கை நிறைய ஒலிநாடாக்களை அள்ளி வந்து பின்கதவில் தூள் தகரத்தின் மேல் பரப்பினார். பெண்கள் எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். அட்டைப் படத்தைத் தடவினார்கள். பிறகு வைத்துவிட்டார்கள்.

"கேக்காம எப்பிடிக்கா வாங்கறது?" என்றார் முத்தம்மா. "மீனக்கூடச் செவுளத் தூக்கிப் பாத்துத்தானே வாங்கறோம்?"

பெட்டி முன்கடையில் இருந்தது. கேட்க வேண்டுமானால் முன்கடைக்கு வர வேண்டும். அன்றைக்கு ஒரு நாடாவும் விற்கவில்லை.

அடுத்த சம்பள ஞாயிறு, தீபாவளிக்கு முன் வந்த கடைசிச் சம்பள ஞாயிறு. மாமா கல்லாவில் இருந்தார். எல்லா மேசையும் நிறைந்திருந்தது, வாசலுக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றைத் தவிர. அங்கே வெயில் அடிக்கும் என்று யாரும் உட்காருவதில்லை. அத்தை கையைத் துடைத்துக்கொண்டு பின்கட்டிலிருந்து வந்தார். சேலையில் கரி. மாமாவிடம் எதுவும் கேட்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார்.

"என்னண்ணி, கரண்டு போச்சா?" என்றார் மாயாண்டி.

அத்தை புல்லாங்குழல் பாட்டு இருக்கும் நாடாவைப் போட்டார். வாசலுக்குப் போய், "முத்தம்மா, உள்ள வா. முழுசாக் கேளு" என்றார்.

முத்தம்மா படிவரை வந்தார். பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள். எல்லாரும் படியிலேயே நின்றுவிட்டார்கள்.

"பரவால்லக்கா, இங்கேருந்தே கேக்குது."

மாயாண்டி விடவில்லை. "அட, இனிமே பொம்பளைங்களுக்கும் கோப்பியா? அப்ப நாங்க போயி வெளிய பையத் தூக்கிக்கிட்டு நிக்கணுமா அண்ணி?" மேசைகளில் சிரிப்பு. மாமாவின் முகம் சிவந்தது.

"இருளாயி, உள்ள போ" என்றார் மெதுவாக.

அத்தை உள்ளே போகவில்லை. வெயில் மேசையின் நாற்காலியை இழுத்தார். உட்கார்ந்தார்.

பின்னாளில் அத்தை என்னிடம் சொன்னார்: "மானம் போனா எனக்குத்தானே போவுது, மொதல்ல என்னுது போவட்டும்னு இருந்துச்சு. அப்புறம் அவளுங்களுக்குப் போக என்ன இருக்கு?"

"மொதலாளி பொண்டாட்டி நானே ஒக்காந்துட்டேன்ல" என்றார் முத்தம்மாவிடம். "யாராச்சும் பேசினா என்னையத்தான் மொதல்ல பேசுவாங்க. வா."

முத்தம்மா வந்தார். நாற்காலியின் நுனியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நாற்காலி போதவில்லை, இரண்டு பேர் ஒன்றில் ஒடுங்கினார்கள். பாட்டு முடியும்போது புல்லாங்குழல் மறுபடி வந்து, தனியாகக் கொஞ்ச தூரம் போய் நின்றது.

"இவ்வளவுதானா!" என்றார் முத்தம்மா. பிறகு, "இன்னொரு தடவ போடுக்கா" என்றார்.

மாயாண்டி எழுந்தார். "பஸ்ஸு வந்துருச்சு. போலாம் வா."

"அடுத்த பஸ்ஸுல வாரேன், நீங்க போங்க."

இந்த முறை வந்த சிரிப்பு மாயாண்டியைப் பார்த்து. அவரும் போகவில்லை, திரும்ப உட்கார்ந்து இன்னொரு கோப்பி சொன்னார். முத்தம்மா அந்த நாடாவோடு ஒரு சாமிப் பாட்டு நாடாவும் வாங்கினார். மாமா காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அன்றிரவு அத்தையிடம் பேசவில்லை. ஆனால் மறுவாரம் சூசைநாதனுக்கு ஆள் அனுப்பி ஈப்போவிலிருந்து இன்னும் நாடாக்கள் வரவழைத்தார். தீபாவளிச் சாமான் வாங்க டவுனுக்கு வந்த பெண்களால் தீபாவளிக்குள் அலமாரி காலியாயிற்று. பீடோர்க் கடை தப்பியது.

இதோடு நிறுத்தினால் வெற்றிக் கதை. நடந்தது இதோடு நிற்கவில்லை. லயத்துக்கு லயம், தோட்டத்து வரிசை வீடுகளிலெல்லாம், பாட்டுப் பெட்டி வந்தபின் ஆண்களுக்குக் கடையில் உட்கார ஒரு காரணம் குறைந்தது. அலமாரி நன்றாக ஓட ஓட மேசைகள் காலியாயின. பாட்டு அவர்களைக் கடைக்கு இழுத்தது, அந்தப் பாட்டையே நாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். மாமா போட்ட கணக்கில் இல்லாத விஷயம் இது. பொருளாதாரம் படித்துவிட்டு வந்த எனக்கும் இதைக் கடைக்கு வந்தவர்கள் வாயால் கேட்டபோதுதான் புரிந்தது.

எண்பத்து மூன்றில் எங்கள் லயத்தின் முதல் பட்டதாரியாக நான் திரும்பி வந்தேன். அத்தை என்னை வெயில் மேசைக்கு இழுத்துப்போய் அங்கிருந்த அத்தனை பெண்களுக்கும் காட்டினார். மாயாண்டி தனியாக ஒரு மேசையில் இருந்தார்.

"ஒங்க அத்த பண்ண வேலையப் பாத்தீங்களா தம்பி?" என்றார். "கோப்பிக் கடைய என் வீட்டுக்கே அனுப்பிருச்சு. முத்தம்மா வச்ச பாட்டத்தான் நான் கேக்கணும். ஆளுங்களும் இங்க வர்றதில்ல. நான் மட்டும் எப்பிடி ஒத்தக் கையில தட்டறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் இழந்ததும் உண்மையானது.

அந்த வருடக் கடைசியில் ஈப்போக் கடையில் அடுப்பை எடுத்துவிட்டார்கள். முழுக்க ஒலிநாடாக் கடை, சூசைநாதனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த வேலைக்காக ஈப்போவிலேயே தங்கியிருந்த மாமா, பீடோரையும் அப்படியே மாற்றிவிடலாம் என்று வந்து உட்கார்ந்தார். நானும் இருந்தேன்.

"கோப்பியில லாபம் ஒண்ணும் நிக்கல புள்ள. பாட்டுலதான் நிக்குது. நீயே ஆரம்பிச்சு வச்சதுதானே? மேசைய எடுத்துட்டா இன்னும் ரெண்டு அலமாரி போடலாம்."

அத்தை மேசைமேல் சிந்தியிருந்த கோப்பியைத் துடைத்தார்.

"மேசைய எடுத்துட்டா அவளுங்க எங்க ஒக்காருவாளுங்க?"

"ஒக்கார எதுக்கு வர்றாளுங்க? வாங்கத்தானே வர்றாளுங்க."

"அப்பிடியா நெனக்கிறீங்க?" என்றார் அத்தை. "மாசத்துல ஒரு நாளு ஒரு மணி நேரம் காலு நீட்டி ஒக்கார்றாளுங்க. பாட்டக் காரணம் சொல்லிக்கிட்டு வர்றாளுங்க. எனக்கு அது போதும். ஒங்களுக்குப் போதலன்னா சொல்லுங்க, நான் தோட்டத்துப் பக்கமே ஒரு சின்ன எடம் பாத்து நாலு மேசையப் போட்டுக்கறேன்."

மாமா என்னைப் பார்த்தார், படித்தவன் ஏதாவது சொல்வான் என்பதுபோல. நான் அத்தையைப் பார்த்தேன். மாமா எழுந்து ஈப்போ பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்துக் கடைமுன் லோரி ஒன்று வந்து நின்றது. ஈப்போவில் வேண்டாம் என்று ஒதுக்கிய மேசைகளும் நாற்காலிகளும் அதில் கவிழ்த்து அடுக்கியிருந்தன. பீடோர்க் கடைக்கென்றே மாமா கொடுத்தனுப்பியதாக லோரிக்காரர் சொன்னார், வேறு சேதி எதுவும் இல்லை.

"எங்கக்கா எறக்கறது?"

அத்தை இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, கடைக்குள் எந்த மூலையில் எது என்று கைகாட்டத் தொடங்கினார்.