பங்குனி வத்து

பங்குனி மாதத்துக் கடல் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. வாடைக் காற்று ஓய்ந்து, தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்புவதற்கு முன்னால் கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரிக் கிடக்கும். விடியற்காலையில் தரையிலிருந்து வீசும் மெல்லிய காற்று வள்ளங்களைத் தானாகவே வெளியே தள்ளிவிடும். வெயில் ஏற அது செத்துப்போகும். மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று வரும். பின்னேரம் மேற்கே மலைப்பக்கம் கறுத்து இடி முழங்கினால் உடனே கரைக்கு வந்துவிட வேண்டும். அந்த ஒன்றைத் தவிர வேறு பயமில்லாத காலம். கடற்றொழில் செய்கிற குடும்பங்கள் வருசம் முழுக்கக் காத்திருக்கிற காலம். நான் மட்டும் அந்த மாதம் முழுக்கக் கரைப்பக்கம் முதுகைக் காட்டியபடி நடப்பேன்.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில். சுனாமி எங்கள் வீட்டையும் அம்மாவையும் கொண்டுபோனது. அடுத்த பங்குனி வந்தபோது றோட்டுக்கு மேற்கே வரிசையாக அடித்துக் கொடுத்த தகரக் கொட்டில்களில் இருந்தோம். ஒரு கொட்டிலில் நானும் என் புருசனும் தங்கச்சியும். தங்கச்சிக்கு வயிற்றில் ஆறு மாதம். அவளுடைய புருசன் கடலுக்குத் தூரமாகக் கரடியனாற்றுப் பக்கம் நெல் வேளாண்மை வெட்டுக்குக் கூலிக்குப் போயிருந்தான். தகரத்தின் வெக்கை, மலசலகூடக் குழியின் நாற்றம், கிணற்றுக்குள்ளிருந்து வந்த உப்புச் சேற்றின் நாற்றம், எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் சாப்பிட்டோம். மீனை யாரும் வாயில் வைக்கவில்லை, பிடித்ததெல்லாம் விற்கத்தான். கடலுக்குள் போனவர்களை மீன் தின்றிருக்கும் என்று சொன்னார்கள்.

என் புருசன் நல்ல கடலோடி. சுனாமியன்று அவர்தான் முதலில் கடலின் நிறத்தைக் கண்டு கத்தினவர். ஒரு கையால் பனையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மறுகையால் தண்ணீருக்குள்ளிருந்து ஆட்களை இழுத்தார். அதற்குப் பிறகு ஊரில் அவர் சொன்னால் கடலே சொன்ன மாதிரி. விடிந்தால் கொட்டில் வாசலில் ஆள் நிற்கும்.

"தம்பி, இண்டைக்குப் போகலாமா?"

"போங்க. காத்து விழ முன்னம் கரைக்குக் கிறுகி வந்திருங்க."

ஆனால் நிவாரணப் போட் பங்கிட்டபோது அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய பழைய போட் கூட்டுப் போட், பதிவு மற்றவருடைய பேரில் இருந்தது. புதுப் போட்டும் புது எஞ்சினும் கிடைத்தவர்களில் சிலர் முன்னர் கடலில் காலே நனைக்காதவர்கள். அந்தக் கோபம் நியாயமானதென்றுதான் நானும் நினைத்தேன்.

கடல் இறங்குவதை நாங்கள் வத்து என்போம், ஏறுவதைப் பெருக்கு என்போம். எங்கள் கரையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை, முழங்காலளவுகூட வராது. பங்குனிப் பறுவத்தில், முழுநிலவு நாளில், மட்டும் வத்து கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். அப்போது முகத்துவாரத்து மணல்திட்டு முதுகைக் காட்டும், பாசி பிடித்த கற்கள் வெளியே தெரியும். தொழில்காரருக்கு இது தெரியும். தெரிந்தும் அந்த வருசம் எல்லாரும் மறந்துவிட்டிருந்தோம். சுனாமி கடலை உள்ளே இழுத்துவிட்டுத்தான் அடித்தது என்று ரேடியோவில் ஆயிரம் தடவை கேட்டிருந்தோம். அது மட்டும்தான் எல்லாருடைய தலைக்குள்ளும் இருந்தது.

அன்றைக்குப் பறுவம். மத்தியானம் சோற்றுக்குப் பிறகு தண்ணீர்ப் பவுசர் வண்டி வந்து, நாங்கள் வாளிகளோடு வரிசையில் நின்றோம். முகத்துவாரப் பக்கமிருந்து என் புருசன் ஓடி வந்தார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார், முகம் வெளிறிக் கிடந்தது.

"கடல் உள்ள போகுது! திட்டு தெரியுது! ஓடுங்க, ஓடுங்க!"

வேறு யாரும் சொல்லியிருந்தால் ஒருவராவது போய்ப் பார்த்திருப்பார்கள். அவர் சொன்னதால் யாரும் பார்க்கவில்லை. வாளிகளைப் போட்டுவிட்டு ஓடினோம். பவுசர்க்காரன் தண்ணீர்க் குழாயை மூடாமலே வண்டியை எடுத்தான். நான் கொட்டிலுக்குள் ஓடித் தங்கச்சியை இழுத்துக்கொண்டு வந்தேன். "நீங்களும் வாங்க மச்சான்!" என்று கத்தினேன்.

"நீ இவளக் கொண்டு போ. நான் கிழடு கட்டையள எழுப்பிட்டு வாறன்."

அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அதைத்தான் இன்றைக்கும் நினைத்தால் வாய் கசக்கிறது.

றோட்டில் ஒரு உழவு இயந்திரம் நின்றது. பெட்டியில் ஆட்கள் ஆளின்மேல் ஆளாக ஏறினார்கள். தங்கச்சியை நான் கீழிருந்து தூக்கிவிட்டேன். அவள் ஒரு காலை வைக்க முன்னம் வண்டி நகர்ந்தது. வயிறு பெட்டியின் இரும்பு விளிம்பில் அடிபட்டு மல்லாக்க விழுந்தாள். அவளுக்கு மேலால் ஆட்கள் ஓடினார்கள். எங்களோடு ஒன்றாகப் பிறந்து வளர்ந்த சனம்.

பின்னால் ஒரு லொறி வந்து நின்றது. காத்தான்குடியிலிருந்து ஐஸ் கொண்டுவந்து, எங்கள் கரையில் மீன் ஏற்றிப் போகிற லொறி. சாரதி ஐம்பது வயது முஸ்லிம் மனிதர், அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிடுவோம். அவரும் மனைவி மக்கள் உள்ளவர், அவருக்கும் உயிர்ப் பயம் இருந்திருக்கும். அவர் இறங்கி வந்தார்.

"அழாத புள்ள. ஒரு பக்கம் நீ பிடி. முன் சீட்டுல கிடத்துவம்."

"சீட்டெல்லாம் ரெத்தமாகுது காக்கா."

"ஆகட்டும். கழுவினாப் போகும்."

ஆஸ்பத்திரி வாசல்வரை ஹோனை அமத்திப் பிடித்தபடியே ஓட்டினார். எங்களை இறக்கிவிட்டும் போகவில்லை. உள்ளே தள்ளுவண்டி கேட்டுச் சண்டை பிடித்தது அவர்தான். பொழுதுபடத் தங்கச்சி பிழைத்துக்கொண்டாள். பிள்ளை பிழைக்கவில்லை. பெண் பிள்ளை. நேர்ஸ் ஒரு துணியில் சுற்றிக் காட்டினாள். விரல்களில் நகம்கூட முளைத்திருந்தது.

கடல் வரவில்லை. வத்து போய்ப் பெருக்கு வந்தது, அவ்வளவுதான். செங்கலடிப் பக்கம் போய்ப் பள்ளிக்கூடங்களில் படுத்திருந்த சனம் மறுநாள் காலையில் திரும்பியது. வந்து பார்த்தால் கரையிலுள்ள வாடிக் குடிசையில் பூட்டி வைத்திருந்த புது எஞ்சின்களில் மூன்றைக் காணவில்லை. பூட்டு உடைத்திருந்தது.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு விடத் துண்டு வெட்டித் தர, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸால் இறங்கினபோது றோட்டில் கூட்டம். நடுவில் ஐஸ் லொறி, முன் கண்ணாடி உடைந்து கிடந்தது. சாரதியைத் தரையில் இருத்தியிருந்தார்கள். போட்டிருந்த சேட்டு கிழிந்து, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. நாங்கள் ஓடின நேரத்தில் ஊருக்குள் நின்ற ஒரே லொறி அவருடையது, அதனால் எஞ்சினை ஏற்றினது அவர்தான் என்று முடிவு கட்டியிருந்தார்கள். அவர் வேறு ஊர், வேறு சமயம். வேறு சாட்சி தேவைப்படவில்லை.

நான் பையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தேன். "அறுவான்களா! இந்த மனுசன்தான் எங்கட புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது! பொழுதுபடுமட்டும் எங்களோட நிண்டவர்!"

"உங்கள இறக்கிட்டு ஆள விட்டு எடுத்திருப்பான்" என்றான் ஒருவன்.

என் புருசன் கூட்டத்துக்கு நடுவில் நின்றார். அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர் என்னைப் பார்க்காமல், சாரதியின் கன்னத்தில் ஓங்கி ஒன்று அறைந்தார். பிறகு என்னிடம், "உனக்கு ஒண்டும் தெரியா. அவளக் கூட்டிட்டு உள்ள போ" என்றார்.

அன்றைக்குச் சோறாக்கினேன். தங்கச்சிக்குக் கஞ்சி வடித்துக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு அப்படியே துப்பினாள்.

"என்னக்கா இது, மண்ணெண்ணெய் நாறுது?"

நான் வாயில் வைத்துப் பார்த்தேன். மண்ணெண்ணெய் இல்லை, பெற்றோல். நாக்கில் ஒட்டிக்கொண்டது. வெளியே ஓடிப்போய்ச் சத்தி எடுத்தேன். நிவாரண அரிசி மூட்டை முன்னர் வாசலோரம் இருந்தது, நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அதை என் புருசன் அடுப்படி மூலைக்கு மாற்றியிருந்தார். எறும்பு ஏறுதாம். அதை நான் அப்போதுதான் யோசித்தேன்.

மறுநாள் அவர் வேறொருவருடைய போட்டில் கடலுக்குப் போனபிறகு மூட்டையை இழுத்தேன். அடியில் மணல் இளக்கமாக இருந்தது. அகப்பையால் கிண்டினேன். முழங்கையளவு போனதும் நீலத் தரப்பாள் சீலை தட்டுப்பட்டது. பிரித்தபோது புது எஞ்சினின் வெள்ளை மூடி, நிவாரணக்காரர் ஒட்டின படத்தோடு. மூன்றும் ஒன்றோடொன்று அணைத்துப் படுக்க வைத்த மாதிரிக் கிடந்தன. ஊர் முழுக்கப் பள்ளிக்கூடத்து நிலத்தில் நடுங்கிக்கொண்டு கிடக்க, இவர் தனியே நின்று, ஆறுதலாக, என் அடுப்படியில் குழி வெட்டியிருக்கிறார். அந்தக் குழிக்கு மேலே கால் நீட்டி இருந்துதான் நான் பிள்ளை போன பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சியிருக்கிறேன். அந்த நேரத்திலிருந்து அவர் எனக்கு அவன்தான்.

கடற்றொழிலாளர் சங்கத் தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எஞ்சினை இழந்தவர்களும் வந்தார்கள். கரைக்காற்று விழுந்து அவன் வந்த போட் மணலில் ஏறினபோது எல்லாரும் கரையில் நின்றோம். அவன் எங்கள் முகங்களைப் பார்த்தான், பிறகு என் கையைப் பார்த்தான். தரப்பாள் துண்டு என் கையில் இருந்தது.

தலைவர் கேட்டார், "கடல் உள்ள போகுது எண்டியே, அது வத்து எண்டு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சனத்த ஓட வைச்சாய்?"

"வத்துத்தானே. ஆருக்கும் ஒண்டும் நடக்கல்லியே" என்றான்.

தங்கச்சி என் பக்கத்தில்தான் நின்றாள். பால் கட்டி நெஞ்சில் நனைந்த சட்டையோடு நின்றாள். அவன் அவளைக் கண்டும் காணாத மாதிரிக் குனிந்து, போட்டிலிருந்த மீனைக் கூடையில் போடத் தொடங்கினான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கை என்மேல் பட்டிருக்கிறது என்ற நினைப்பே தாங்க முடியவில்லை. பவுசர்த் தண்ணீரில் வாளி வாளியாக ஊற்றிக் குளித்தேன். வரிசையில் நின்றவர்கள் யாரும் என்னைத் தடுக்கவில்லை.

அவனைப் பொலிசில் கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அன்று பின்னேரமே அவன் போய்விட்டான். ஆயுதம் வைத்திருந்தவர்களோடு சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டோம். பிறகு யாரும் அவன் பெயரை எடுக்கவில்லை. எஞ்சின்கள் கிடைத்துவிட்டன, அதோடு ஊருக்கு விசயம் முடிந்துவிட்டது. லொறிக்காரரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று தலைவரைக் கேட்டேன். "கிளறாத புள்ள, சும்மா கிட" என்றார்.

நானும் தங்கச்சியும்தான் காத்தான்குடிக்குப் போனோம். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். அவருடைய மனைவி கதவைப் பாதி திறந்து, நாங்கள் எந்த ஊர் என்று கேட்டதும் முகம் இறுகிப்போனாள். அவர் உள்ளேயிருந்து, "வரச் சொல்லு" என்றார். அன்றைக்கு வீங்கியிருந்த கண்ணில் பார்வை மங்கிவிட்டது. லொறியை விற்றுவிட்டார்.

"நீங்க என்ன செஞ்சீங்க புள்ள? நீங்க வந்ததே பெரிசு" என்றார். தேத்தண்ணி தந்தார்கள். தங்கச்சி குடிக்காமல் அழுதாள். அவருடைய மனைவி கடைசிவரை எங்களோடு பேசவில்லை. அவள் பேசாதது சரி என்றே எனக்குப் பட்டது.

தங்கச்சி புருசனோடு கரடியனாற்றுக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டாள். நான் ஊரில் இருந்தேன். சங்கத்தில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. காலையில் ரேடியோவில் கடல் நிலவரம் கேட்டு வாசல் கரும்பலகையில் எழுதுவது, அதோடு கூட்டிப் பெருக்குவது. காற்று எந்தப் பக்கம், அலை எப்படி, இடி மழை உண்டா, பெருக்கு எப்போது, வத்து எப்போது. பறுவத்துக்கு முதல் நாள், "நாளை வத்து கூடும், பயப்பட வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் எழுதுவேன். சண்டைக் காலத்தில் கடலுக்குப் போக நேவி நேரம் குறித்து அனுமதித்தது, அந்த நேரமும் வத்துப் பெருக்கும் ஒத்து வராது. அடி தட்டிப் போட் புரண்டு செத்தவர்களும் உண்டு. அதை எழுத எனக்கு இடமில்லை.

போர் முடிந்து அடுத்த பங்குனியில் கடல் திறந்துவிட்டது. எல்லாப் பக்கமிருந்தும் போட்டுகள் வந்தன. கடற் பாதுகாப்பு பற்றிச் சங்கத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். பிரதம விருந்தினர் வெள்ளை வாகனத்தில் வந்து இறங்கினார். அவன். அவன் சேர்ந்த கூட்டம் இப்போது அரசாங்கத்துப் பக்கம். வெள்ளைச் சேட்டு, விரலில் மோதிரம், வயிறு தள்ளியிருந்தது.

மேடையில் நன்றாகத்தான் பேசினான். பங்குனி சித்திரையில் காலைக் காற்றை நம்பித் தூரம் போகாதீர்கள் என்றான். மேற்கே கறுத்தால் வலையை வெட்டிவிட்டாவது வாருங்கள் என்றான். முகத்துவாரத்தை வத்தில் கடக்காதீர்கள் என்றான். "பறுவத்துல கடல் கொஞ்சம் இறங்கும். அதக் கண்டு சனத்தப் பயப்படுத்தக் கூடாது" என்றும் சொன்னான். ஒரு சொல்லிலும் பிழையில்லை. எஞ்சினை இழந்த மூன்று பேரும் முன்வரிசையில் இருந்து கைதட்டினார்கள்.

பொன்னாடை வைத்த தட்டத்தைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார் தலைவர். "நீதான் புள்ள சங்கத்துப் பொம்பிளை" என்றார். நான் தட்டத்தை வாங்கினேன். மேடைப்படியில் ஏறினபோது அவன் மெல்லக் கேட்டான், "எப்பிடி, சுகமா இருக்கியா?" அத்தர் வாசம் அடித்தது. தட்டத்தை அவன் காலடியில் தரையில் வைத்துவிட்டு இறங்கி நடந்தேன். பின்னால் தலைவர் என்னைக் கூப்பிட்டது கேட்டது.

மேற்கே இடி முழங்கிக்கொண்டிருந்தது. செங்கலடியில் பஸ் மாறிக் கரடியனாற்றில் இறங்கும்போது மழை பிடித்துவிட்டது. தங்கச்சி வாசலில் நின்றாள். இடுப்பில் அவளுடைய மகள், இரண்டு வயது.

"என்னக்கா திடீரெண்டு? கூட்டம் எண்டியே, முடிஞ்சிட்டா?"

"முடியல்ல" என்றேன். "நான் வந்திட்டன்."

அவள் எனக்குத் தலை துடைக்கத் துவாய் எடுத்துத் தந்தாள்.