உயர்த்திய கை

தம்பி வலது கையைத்தான் முதலில் சட்டைக்குள் விடுவான். அது தோளுக்கு மேல் எழும்பாது. இடது கையால் முழங்கையைத் தாங்கி நுழைத்துவிட்டு, "ம், உன் வேலை ஆச்சு" என்று அதனிடமே சொல்லிக்கொள்வான். அக்கா பொத்தான் போட வந்தால் நகர்ந்துவிடுவான்.

தம்பி பெயின்டர். சாரம் சரிந்து விழுந்து தோள் போனதிலிருந்து உயரத்து வேலை இல்லை. கதவும் சன்னலும்தான், அதுவும் இடது கையால். அந்தக் கதவுகளின் ஓரத்தில் ஒரு சொட்டு வழிந்திருக்கிறதா என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டுவாள் அக்கா. ஆபரேஷன், தைலம், உபவாச ஜெபம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இப்போதெல்லாம் அவன் ஜெபம் சுருங்கிப் போயிற்று. ஏன் என்று கேட்டால், "கேட்டாச்சுக்கா. அவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்பான்.

போன மாதம் சபைக்கு வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வந்தார். தம்பியின் தோளில் கை வைத்து, வேர்த்து விறுவிறுத்து, குரல் கம்மும்வரை ஜெபித்துவிட்டுக் கையைத் தூக்கச் சொன்னார். சபையே பார்த்துக்கொண்டிருந்தது. தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிவிட்டான். ஒரே கைதட்டல்.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடி அக்கா கேட்டாள், ஏன்டா தூக்கினே என்று.

"பாவம்க்கா, மனுசனுக்குத் தொண்டையே கட்டிப் போச்சு."

பாஸ்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தோள் குணமானதை அடுத்த ஞாயிறு சபை முன்னால் சாட்சியாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். வாயைத் திறக்காமல் இருந்துவிடு, நாளடைவில் மறந்துவிடுவார்கள் என்றாள் அக்கா. தம்பியைப் பொய்யன் என்று நாலு பேர் சொல்வதை அவளால் தாங்க முடியாது. அவனும் தலையாட்டியிருப்பான். அதற்குள் அதே சபைக்கு வரும் தையல்கார அம்மா வீடு தேடி வந்துவிட்டார். வயிற்றில் கட்டி, ஆபரேஷனுக்குக் குறித்த தேதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"உங்களுக்குத் தந்தவர் எனக்குத் தரமாட்டாரா தம்பி? எங்கிட்ட என்ன கொறைன்னுதான் தெரியல."

அவர் போன பிறகு தம்பி சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைக்கை இடது கையில் வாங்கிக்கொண்டான். "என் தோள் சரியாகல. அன்னிக்கு வலியோடதான் தூக்கினேன், கூச்சத்துல. தப்பு என்னுது, ஆண்டவரோடது இல்ல." தையல்கார அம்மா இருந்த பக்கம் பார்த்தான். "சரியாகும்னு இன்னும் நெனக்கிறேன். ஆகாட்டியும் அவரை விட்டுப் போகமாட்டேன். யாரும் என்னைப் பாத்து வைத்தியத்தை நிறுத்திடாதீங்க."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. பின்வரிசையில் ஒருவர் அவிசுவாசம் என்று முணுமுணுத்தார். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் செருமிக்கொண்டார். பாஸ்டர் சோர்ந்த குரலில் பாட்டு எண்ணைச் சொன்னார்.

அக்கா தன் பக்கத்தில் இடம் ஒதுக்கினாள். தம்பி அங்கே வரவில்லை. தையல்கார அம்மாவின் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பக்கத்தைக் கண்டுபிடித்து, இருவருக்கும் நடுவில் நீட்டினான். பாட்டு இரண்டாவது சரணத்துக்குப் போயிற்று. அவர் அதன் மறு ஓரத்தைப் பிடிக்கும்வரை நீட்டிக்கொண்டே இருந்தான்.