கேட் வரைக்கும் ஒரு பாட்டு

டேப்லெட்டில் இசையமைக்கச் சோம்பேறித்தனம் ஒரு தடையே அல்ல என்று ஐம்பது வயதில் கண்டுபிடித்தேன். ராகத்தை முதலிலேயே தேர்ந்தெடுத்துவிட்டால் தப்பான சுரம் திரையில் தட்டுப்படவே படாது. விரலால் கொஞ்சம் தாளம் தட்டி, அதையே நகலெடுத்து ஒட்டிக்கொண்டு போனால் காபி ஆறுவதற்குள் பாட்டு மாதிரி ஒன்று கிடைத்துவிடும். இப்படி ஏகப்பட்டது தொடங்கினேன்; எதையும் முடித்ததில்லை. கேட்டவர்களிடம், இந்த வகை இசையே அப்படித்தான் என்று சொல்லிவைத்திருந்தேன்.

நம்பியவன் ஒருவன்தான். பள்ளிக்கூடச் சிநேகிதன், போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம். மகனோடு சென்னையில் இருப்பதென்று முடிவாகி, தோட்டத்தை விற்றுவிட்டான். சாவியை ஒப்படைப்பதற்குச் சில நாள் முன்பு வந்தான்.

"மாப்ளே, கடேசியா ஒருக்கா நானே ஜீப்ப ஓட்டிக்கிட்டுப் போறேன். அடிவாரத்துல ஆரம்பிச்சு என் கேட்டுல முடியிற மாதிரி ஒரு பாட்டு போட்டுத் தா."

அவனது ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் காய்ந்த காயை அவன் அள்ளிக் கொட்டும் சத்தத்தை எப்போதோ பதிவு செய்திருந்தேன். அதைத் தாளத்தோடு சேர்த்தேன். நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததால், மலை தீரும்வரை அதையே ஒட்டினேன்.

ஜீப்பில் அவன் பக்கத்தில் நானும் ஏறிக்கொண்டேன். முதல் வளைவில் தலையாட்டினான். சில வளைவுகள் கழித்து, "பாட்டு எப்ப மாப்ளே ஆரம்பிக்கும்?" என்றான்.

"ஆரம்பிச்சாச்சுடா."

ஏலச்செடியில் முற்றிய காயை மட்டும் பறித்துவிட்டு, அடுத்த எடுப்புக்கு மறுபடி அதே செடிக்கு வருவார்கள். அவன் தொழிலை வைத்தே அவனை மடக்கப் பார்த்தேன். "ஒஞ்செடி மாதிரிதான். இது அடுத்த எடுப்பு."

"அடுத்த எடுப்புக்கு வேற காயில்ல இருக்கும்? நீ பறிச்சதையே பறிக்கிறியேப்பா!"

இரண்டு பேரும் சிரித்தோம்.

கேட் வந்தது. வாங்கியவரின் ஆட்கள் காத்து நின்றார்கள். இன்ஜினை அணைத்தான், இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அவன் பாட்டு முடியக் காத்திருக்கிறான் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. முடிவென்று ஒன்றை நான் செய்திருக்கவே இல்லை. ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தால் முடித்திருக்கலாம். டேப்லெட்டில் அவன் கொட்டிய காய் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

"எப்படி மாப்ளே இத நிறுத்துறது?"

பொத்தானைக் காட்டினேன். அவனே அமுக்கிவிட்டு, சாவியை உருவிக்கொண்டு இறங்கிப் போனான்.